போதும் என்று சொல்ல ஓர் ஆள்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர். என் கதைகளை ஒன்று விடாமல் படித்திருப்பதாகச் சொன்னார். சொன்ன விதத்திலேயே ஒன்றையும் படித்ததில்லை என்பது தெரிந்து விட்டது. அது போகட்டும். விஷயத்துக்கு வந்தார்.

"நகரத்தில் ஒரு பாருக்கு மனிதன் எதற்காகப் போகவேண்டும், சார்? எதெது இருந்தால் அது போகத் தகுந்த இடம்? பல துறைப் பிரமுகர்களிடம் கேட்டுப் போடுகிறோம். நீங்களும் ஐந்து வரி சொல்லவேண்டும்."

எழுத்தாளன் என்றால் குடிக்கிறவன் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் எழுத்தாளர்களுக்கும் பங்கு உண்டாகையால் நான் கோபித்துக் கொள்ளவில்லை. நானும் குடித்திருக்கிறேன், இப்போது குடிப்பதில்லை. இரண்டையும் பெருமையாகச் சொல்லவில்லை. 'யோசித்து எழுதி அனுப்புகிறேன்' என்றேன். யோசித்தேன். ஐந்து வரியில் அடங்கவில்லை. அவர் போடமாட்டார் என்று தெரிந்தும் எழுதிவிட்டேன். இனி, நீங்களே படித்துக் கொள்ளுங்கள்.

முதலில் நகரத்துப் பாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைச் சென்னையில் ஒரு வாசக நண்பர் அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். நட்சத்திர ஓட்டல். வாசலிலே கோட்டுப் போட்ட ஆஜானுபாகுவான ஒருவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் நண்பரின் காரைப் பார்த்தார். கார் எங்கள் இருவருக்கும் சிபாரிசு செய்யவே உள்ளே விட்டார்.

உள்ளே ஒரே இருட்டு. நான் கிராமத்துக்காரன், இருட்டு எனக்குப் புதிதல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்கிய இருட்டு அதுதான் முதல் தடவை. இருட்டுக்கு மேலே சத்தம். அந்தச் சங்கீதத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லத் தகுதியில்லாதவன். எதிரே அரை கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் என் நாவலைப் பற்றி ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். நான் பதில் சொன்னேன், அவர் சிரித்தார். நான் சொன்னது என் தங்கையின் வைத்தியச் செலவைப் பற்றி. அவர் கெட்டவர் அல்ல, பாவம், காதில் விழவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம். பில் வந்தது. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் அரிசி வாங்குகிற பணம்.

என் கேள்வி இதுதான்: முகம் தெரியக்கூடாது என்று இருட்டும், பேச்சுக் கேட்கக்கூடாது என்று சத்தமும் வைத்திருக்கிற இடத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து போவானேன்?

இப்படிச் சொன்னால் 'பட்டிக்காட்டான் புலம்புகிறான்' என்பார்கள். ஆகவே பட்டணத்துச் சாட்சி ஒருவரை அழைக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளரை நீங்கள் அறிவீர்கள். மிருகங்களை வைத்து ஒரு சின்ன நாவல் எழுதி உலகத்துச் சர்வாதிகாரிகளையெல்லாம் உறுத்தினாரே, அவர்தான். அவர் 1946-ல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தமக்குப் பிடித்த மதுக்கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்து லட்சணங்கள் சொல்கிறார். பேச்சுக்கு இடைஞ்சலாக ரேடியோ கூடாது. பரிமாறுகிற பெண்களுக்கு வருகிறவர்களின் பெயர் தெரிந்திருக்கவேண்டும். பின்புறம் ஒரு தோட்டம் வேண்டும், அங்கே பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து உட்காரலாம். இப்படி ஆசையாக வருணித்துவிட்டுக் கடைசியில், 'இப்படி ஒரு கடை கிடையாது, நானே கற்பனை செய்தது' என்று ஒப்புக் கொள்கிறார். லண்டனிலேயே இல்லை! அந்தப் பத்து லட்சணங்களில் மதுவைப் பற்றியவை சொற்பம். மற்றவை எல்லாம் மனிதர்களைப் பற்றியவை. இதைக் கவனித்துக் கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் மட்டும்தானா இதைச் சொன்னான்? நம்முடைய அவ்வையார் சொல்லவில்லையா? பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடிக் கிழவியாக நமக்கு அறிமுகமாகிற அவ்வை அல்ல, சங்கத்து அவ்வை. தகடூர் அதியமான் இறந்தபோது அவள் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. அவனோடு கள் பகிர்ந்து குடித்ததை அந்தப் பாட்டில் அழுதுகொண்டே நினைக்கிறாள். அரசன் ஒருவன், புலவர் ஒருத்தி. நடுவே ஒரு கலம். அவள் இழந்ததாக அழுவது கள்ளையா? கொடுத்த கையை அல்லவா! அதே தமிழில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்தார். இரண்டு பேரும் நமக்குப் பெரியவர்கள். ஒருத்தி கூடியிருந்ததைப் பாடினாள். இன்னொருவர் நிலை தவறியதைக் கடிந்தார். நாமோ கூடியிருப்பதை ஒழித்துவிட்டு, நிலை தவறுவதை மட்டும் வியாபாரமாக்கி வைத்துக் கொண்டோம்.

யார் 'நாம்'? சொல்கிறேன்.

மது விலக்கின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி மந்திரி சபை சேலம் ஜில்லாவில் ஆரம்பித்தது. போன வருமானத்துக்கு ஈடு கட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மது விலக்கு. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடியும் கட்டினார்கள், 1981-ல் மறுபடியும் அவிழ்த்தார்கள். 1983-ல் டாஸ்மாக் என்கிற வாணிபக் கழகம் மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003 நவம்பர் மாதம் சில்லறை வியாபாரத்தையும் அதுவே எடுத்துக் கொண்டது. அன்று முதல் சர்க்காரே கடைக்காரர்.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிட்ட ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சேலத்தில் கள்ளுக்கடையை மூடியபோது, மூடினால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. சாயங்காலம் அந்த மனிதன் எங்கே போவான் என்று யோசித்தார்கள். தேநீர்க் கடை, விளையாட்டு, பஜனை, கூத்து என்று ஏதேதோ ஏற்பாடு செய்து பார்த்தார்கள். பஜனை கள்ளை வென்றதா என்பது வேறு கேள்வி. கள்ளுக்கடை என்பது கள் விற்கிற இடம் மட்டுமல்ல, நாள் பூராவும் குனிந்த முதுகு நிமிர்ந்து உட்காருகிற இடமும் அதுதான் என்பது அன்றைய ராஜாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. கள்ளை எடுத்தால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாகவேண்டும் என்று தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சரக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்; உட்காரும் இடத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பெரம்பலூர், அரியலூர். இரண்டும் ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவின் ஓரங்கள். 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. பெரம்பலூரில் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச் சோளமும் விளைகின்றன. ரயில் கிடையாது, சென்னை - திருச்சி நெடுஞ்சாலை உண்டு. அரியலூரில் சுண்ணாம்புக் கல். யுகங்களுக்கு முன்னே கடலடியாகக் கிடந்த பூமி அது. இன்றும் தோண்டினால் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடைக்கும். அந்தக் கடல்தான் இன்று சிமெண்டாகி ஊர் ஊராக வீடு கட்டப் போகிறது. கல் லாரிகள் போகிற பாதையில் வேப்பமரம்கூட வெள்ளையாக இருக்கும். சுரங்கத்திலும் லாரியிலும் வேலை செய்துவிட்டு வருகிறவனின் இமை மயிரும் வெள்ளை.

அந்த மனிதன் பொழுது சாய்ந்து கடைக்குப் போகிறான். கடை என்றால் என்ன? ஒரு கம்பி வலை. வலையில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. இந்தப் பக்கம் இருபது கைகள் பணத்தை நீட்டிக் கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை பாட்டிலைக் கொடுக்கிறது. கொடுக்கிறவருக்கு வாங்குகிறவனின் முகம் தெரியாது, விரல்கள்தான் தெரியும். சிறைச்சாலையில் கைதியைப் பார்க்கப் போனால்கூட முகம் பார்த்துப் பேச விடுகிறார்கள், ஐயா!

வாங்கிய பிறகு? பக்கத்திலே பார் என்று ஒரு கொட்டகை சில கடைகளில் இருக்கும். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, வழுக்குகிற தரை, மூக்கைப் பிடித்துக் கொண்டு தாண்டவேண்டிய ஒரு மூலை. அதுவும் இல்லாத இடத்தில் சாலையோரம், வாய்க்கால் மதகு, சோளக் கொல்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு, நெடுஞ்சாலையோரம் மதுக்கடை இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு, வண்டி ஓட்டுகிறவனையும் அவன் எதிரே வருகிறவனையும் நினைத்துப் போட்ட உத்தரவு. ஆனால் சாலையை விட்டு எழுந்த கடைகள் எங்கே போய் உட்கார்ந்தன? குடியிருப்புக்கு உள்ளே; களையெடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்புகிற வழியில்; பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளில் வருகிற தடத்தில். 2017-ல் தமிழ்நாடு முழுவதும் ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு கடையை மறித்தது சும்மா அல்ல.

அந்தக் கடை வாசலில் ஒரு காட்சி உண்டு. பத்திரிகைக்காரர் தம்முடைய பட்டியலில் இதைச் சேர்ப்பாரா என்று தெரியவில்லை. கையில் முழுப் பணம் இல்லாத ஒருவன் அங்கே நிற்பான். இன்னொருவன் வருவான், அவனிடமும் பாதிதான் இருக்கும். "கட்டிங் போடலாமாண்ணே?" என்பான். 'கட்டிங்' என்றால் ஒரு குவார்ட்டரில் பாதி. நூற்றெண்பது மில்லியை இரண்டு பிளாஸ்டிக் குவளையில் சரி சமமாக ஊற்றுவார்கள். ஊற்றும்போது இருவர் கண்ணும் குவளையில்தான் இருக்கும், ஒருவன் முகத்தை மற்றவன் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலப்பார்கள். நின்றபடியே, மருந்து குடிப்பதைப் போல மூச்சைப் பிடித்துக் கொண்டு ஒரே மடக்கு. வாயைத் துடைத்துக் கொண்டு ஒருவன் கிழக்கே போவான், மற்றவன் மேற்கே போவான். பேர் கேட்டுக் கொள்வதில்லை. மொத்தம் நாலு நிமிஷம்.

அதியமானும் அவ்வையும் ஒரு கலத்தைப் பகிர்ந்து கொண்ட நாட்டில், ஐயா, இது நடக்கிறது.

2023-24-ஆம் ஆண்டு மது விற்பனையால் ராஜாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பகுதி இந்த நாலு நிமிஷக்காரர்கள் கொடுத்ததுதான். நட்சத்திர ஓட்டல்காரர்கள் கொடுத்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தனை கோடி கொடுக்கிறவனுக்கு உட்கார ஒரு பெஞ்சு, குடிக்க ஒரு குழாய்த் தண்ணீர், ஒதுங்க ஒரு கழிவறை என்று கேட்டால், 'குடிகாரனுக்குச் சௌகரியம் வேறா?' என்கிறார்கள். வரி வாங்கும்போது அவன் பிரஜை. மற்ற நேரத்திலெல்லாம் குற்றவாளி. நான் சண்டை போடுவது இந்த இரட்டைக் கணக்கோடுதான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். காலிப் பாட்டிலைக் கண்ட இடத்தில் உடைத்துப் போடுகிறார்கள், காட்டு மிருகங்களின் காலைக் கிழிக்கிறது என்று நீலகிரி விஷயத்தில் ஹைகோர்ட்டு கண்டித்தது. அதன் பேரில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக் கொள்வது. காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. நீலகிரிக்கு அடுத்தபடி அதை நடத்திப் பார்த்த ஜில்லாக்களில் எங்கள் பெரம்பலூரும் ஒன்று. நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். காலியான பாட்டில் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு வழி செய்துவிட்டார்கள். அதைக் காலி செய்தவன் பத்திரமாக வீடு திரும்புவதற்கு வழி செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்குப் பத்து ரூபாய் விலைகூட இல்லை போலும்!

இனி, என்மீது வரப்போகிற அம்புகளுக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

'அப்படியானால் முழு மது விலக்கு வேண்டும் என்கிறீரா?' என்று ஒரு கட்சி. வரட்டும், நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இத்தனைக்கும் சர்க்கார் கடைகள் திறந்திருந்த காலம் அது. மலிவும் மறைவும் சேர்ந்த இடத்தில் மனிதன் செத்தான். கதவைப் பூட்டுகிறவர், பூட்டிய பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் எங்கே போவான் என்பதற்கும் பதில் வைத்துக் கொண்டு பூட்டட்டும். அந்த அளவுக்காவது சேலத்துக்காரர்களிடம் பாடம் கற்கட்டும்.

'கடையைக் கௌரவமாக்கினால் குடி பெருகாதா?' என்று இன்னொரு கட்சி. இது நல்லவர்கள் கேட்கிற கேள்வி. பணிவாகவே பதில் சொல்கிறேன். அவமானத்தால் குடி குறையுமானால், இந்த இருபது வருஷத்தில் தமிழ்நாட்டிலே குடியே இருந்திருக்கக் கூடாது. அத்தனை அவமானத்தையும் ஊற்றித்தானே கொடுக்கிறோம்! அவமானம் குடியைக் குறைப்பதில்லை, அவசரப்படுத்துகிறது. யாராவது பார்த்துவிடுவார்களே என்று நினைக்கிறவன்தான் ஒரே மடக்கில் குடிக்கிறான். உட்கார்ந்து குடிக்கிறவனுக்கு நடுவிலே ஒரு பேச்சு வரும், பேச்சு நடுவிலே வீட்டு ஞாபகம் வரும். நின்று குடிக்கிறவனுக்கு மயக்கம் மட்டும்தான் வரும்.

'நகரத்தில்தான் கௌரவமான பார் இருக்கிறதே' என்று மூன்றாவது கட்சி. அந்தக் கௌரவம் யாருக்கு? 2014 ஜூலை மாதம் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நூல் வெளியீட்டு விழாவுக்குப் போன ஹைகோர்ட்டு நீதிபதி அரிபரந்தாமன் அவர்களை, வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபை கூடி, பொது இடத்திலே வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. சரியான காரியம். ஆனால் நீதிபதியை நிறுத்தியதனால் சட்டம் வந்தது. கைலி கட்டிக்கொண்டு, இமையில் சுண்ணாம்புத் தூளோடு எங்கள் அரியலூர் லாரிக்காரன் ஒருவன் போய் நின்று, அவனைத் துரத்தியிருந்தால் சட்டசபை கூடியிருக்குமா? அவன் போய் நிற்கவே மாட்டான் என்பதுதான் பதில். அவனுக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

'அப்படியானால் எதுதான் போகத் தகுந்த இடம்?' என்று கேட்பீர்கள். அதைத்தான் அந்தப் பத்திரிகைக்காரரும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் என் வீட்டுக் கதையைச் சொல்லியாகவேண்டும்.

1985-ல் எனக்கு ஏழு வயது. சாராயக் கடைகள் இருந்த காலம். என் தகப்பனார் சுண்ணாம்புக் கல் லாரியில் ஏற்றுக் கூலி. சனிக்கிழமை கூலி. அன்று விளக்கு வைத்த பிறகு அம்மா என்னை அனுப்புவாள். "போய் அப்பா பக்கத்துல நில்லு. ஒண்ணும் பேச வேண்டாம்" என்பாள். நான் போவேன். கீற்றுக் கொட்டகை; தூணில் அரிக்கேன் விளக்கு; இரண்டு பக்கமும் பலகை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அழுதவர்களும் உண்டு, பாடியவர்களும் உண்டு, அடித்துக் கொண்டவர்களும் உண்டு. அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவின் தோட்டை விழுங்கிய இடம் அது. அதற்குப் பூமாலை போட எனக்குப் பைத்தியமா?

ஆனால் ஊற்றிக் கொடுக்கிறவர் ஒருவர் அங்கே இருந்தார். என் தகப்பனாரைவிட வயதில் சின்னவர். நான் போய் நின்றதும் அவர் என்னைப் பார்ப்பார். அப்பா வெறும் கிளாசை நீட்டுவார்.

"இன்னும் ஒண்ணு ஊத்துப்பா."

"போதும்ணே. பையன் வந்து நிக்கிறான்."

"நான் காசு குடுக்கலியா?"

"குடுத்தீங்க. மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எந்திரிங்கண்ணே."

அப்பா அவரைத் திட்டுவார். அவர் சிரித்துக் கொண்டே கிளாசை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்து வைத்த கிளாசைப் பார்த்த பிறகு அப்பா எழுந்துவிடுவார். என் தலையில் கையை வைத்து, என்னைத் தடி போல ஊன்றிக்கொண்டு, இருட்டிலே வீடு வரைக்கும் வருவார்.

இது எல்லாச் சனிக்கிழமையும் நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். சில சனிக்கிழமை அந்த மனிதரும் வியாபாரிதான், ஊற்றிவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் 'போதும்' என்று அவர் சொன்ன நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. ஏன் சொன்னார்? அவருக்கு எங்கள் வீடு தெரியும். என் அம்மாவைத் தெரியும். என் முகம் கண் எதிரே நின்றது. 1987-ல் கள், சாராயக் கடைகளை மூடினார்கள். என் அம்மா மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பா குடிப்பதை நிறுத்தவில்லை. பிராந்திக்குப் போனார். பஸ் ஏறி, தெரியாத ஊரில், தெரியாத கடையில் வாங்கி, வருகிற வழியில் நின்றுகொண்டு குடித்தார். அங்கே நான் போய் நிற்க முடியவில்லை. நின்றிருந்தாலும் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. எனக்குப் பதினாலு வயதில் அப்பா இறந்தார். நான் காலேஜுக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே என்னுடைய அளவுகோல் ஒன்றே ஒன்றுதான், பத்திரிகைக்கார நண்பரே. அலங்காரம் எனக்கு முக்கியமில்லை. சீமைச் சரக்கா, உள்ளூர்ச் சரக்கா என்பதும் முக்கியமில்லை. 'போதும்' என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறானா? சொன்னால் என் காதில் விழுமா? விழுந்தால் எனக்கு உறைக்குமா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது போகத் தகுந்த இடம்.

இந்த அளவுகோலை எடுத்துக் கொண்டு உங்கள் நட்சத்திர ஓட்டலுக்குப் போங்கள். அங்கே கிளாஸ் பாதி குறைவதற்குள் ஒருவர் குனிந்து, "இன்னொன்று கொண்டு வரட்டுமா, சார்?" என்கிறார். அவர் பிழைப்பு அது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கூட்டத்தில் 'போதும்' என்று யாராவது சொன்னாலும் சங்கீதம் அதை விழுங்கிவிடும். அதே அளவுகோலை எங்கள் ஊர்க் கம்பி வலைக்குக் கொண்டு வாருங்கள். வலைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு என் விரல் மட்டும்தான் தெரிகிறது. விரலைப் பார்த்து யாரால் 'போதும்' என்று சொல்ல முடியும்? ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவனும் கட்டிங் போடுகிறவனும் இந்த ஒரு விஷயத்தில் சரி சமமான அநாதைகள். முன்னவனை இருட்டில் உட்கார வைத்திருக்கிறோம், பின்னவனைத் தெருவில் நிறுத்தியிருக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

சர்க்காரை நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. விற்பதாக இருந்தால், மனிதன் மனிதனுக்கு விற்பதைப் போல விற்கட்டும். வலையை எடுக்கட்டும். உட்கார இடமும் தண்ணீரும் வெளிச்சமும் கொடுக்கட்டும். ஒருவனுக்கு மேற்கொண்டு கொடுக்க மறுக்கிற அதிகாரத்தை விற்பனையாளருக்குக் கொடுக்கட்டும். மறுத்ததற்காக விற்பனை குறைந்தால் அவரைக் கேள்வி கேட்காமல் இருக்கட்டும். 'இத்தனை செய்தால் வருமானம் குறையுமே' என்றால், குறைந்துவிட்டுப் போகட்டும். மக்கள் 'போதும்' என்று சொல்லப் பழகுவதற்கு முன்னால் ராஜாங்கம் ஒரு தடவை 'போதும்' என்று சொல்லிப் பார்க்கக்கூடாதா?

இதையெல்லாம் எழுதி முடித்த அன்றிரவு, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடைக்குப் போனேன். இரவு பதினோரு மணி. வெளிச்சமாக இருந்தது, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. லாரி டிரைவர் ஒருவர், மருத்துவமனையில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்த ஒரு தம்பதி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலேஜுப் பையன், நான். அந்தப் பெண் யாரும் முறைத்துப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள். டிரைவர் வாடகை கட்டுபடியாகவில்லை என்றார். பையன் அரசியல் பேசினான். எல்லோருக்கும் எல்லோருடைய பேச்சும் கேட்டது. ஆர்வெல் கேட்ட லட்சணங்களில் பாதிக்குமேல் அந்தக் கடையில் இருந்தன, தோட்டத்தைத் தவிர.

நான் மூன்றாவது டீ கேட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போதும் சார். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது. வீட்டுக்குப் போங்க."

பத்து ரூபாய் வியாபாரம் அவருக்கு நஷ்டம். நான் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தேன்.